சல்லடைக் கண்களும் விழித்திரையும்

முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கடலோடு நின்றுவிட்டார்கள். கல்லில் கால்வைத்துக் கயிற்றைப் பற்றியபடி மூச்சடக்கி இறங்கியவனைப் பற்றியும், சுறாவைப் பற்றியும், சம்மாட்டிகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கொற்கை முத்துக்காகச் சங்கப் பாடல்களையும், கிரேக்க மாலுமியின் குறிப்பான பெரிப்ளூஸையும், மார்க்கோ போலோவையும் மேற்கோள் காட்டாத கட்டுரை அரிது. ஆனால் சிப்பி கரையேறிய பின் நடந்தவற்றை, குறிப்பாக முத்தைத் தரம் பிரித்தவனின் கண்ணை, நாம் அதிகம் கவனித்ததில்லை. இக்கட்டுரை அந்தக் கண்ணிலிருந்து தொடங்குகிறது. அது சென்று சேரும் இடம் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு என்பது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பத்துச் சல்லடைகள்

1889ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நேரில் கண்டு எழுதினார். அவரும் அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோரும் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து கரையில் நடந்த வேலையை நாம் அறிகிறோம். அழுகவிட்டுக் கழுவிய சிப்பியிலிருந்து கிடைத்த முத்துகளைத் தட்டுப் போன்ற பித்தளைச் சல்லடைகள் பத்தில் வரிசையாகச் சலிப்பார்கள். முதல் சல்லடையில் 20 கண்கள். அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 கண்கள். கண்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு கண்ணும் சிறுத்துக்கொண்டே போகும். எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் அளவு.

சல்லடையின் வேலை இத்துடன் முடிந்துவிடும். வடிவம், நிறம், ஒளி ஆகியவற்றைப் பார்த்து, ஆணிமுத்து என்னும் உச்ச வகையிலிருந்து தூள் வரை பிரிப்பது மனிதக் கண்ணின் வேலை. பிறகு மஞ்சாடியில் எடை, செவ்வில் மதிப்பு. செவ்வுக் கணக்கு இருக்கவே இருந்தது. வாய்பாடு தெரிந்த எவரும் போட்டுவிடலாம். ஆனால் ஒரு முத்து எந்த வகை என்று சொல்வதற்கு வாய்பாடு கிடையாது. பல்லாயிரம் முத்துகளைப் பார்த்துப் பழகிய வணிகனிடம், இது ஏன் ஆணி, அது ஏன் இல்லை என்று கேட்டால் அவனால் முழுமையாக விளக்க முடியாது. தெரியும், அவ்வளவுதான். அந்த அறிவு தகப்பனின் பக்கத்தில் அமர்ந்து, அவன் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்து மகனுக்கு வந்தது. விதிகளாக அல்ல, எடுத்துக்காட்டுகளாக.

இன்னொரு செய்தியும் உண்டு. குளிப்புக்கு முன் தொள்ளாயிரம் பார் முதலிய முத்துப்பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்காக எடுத்து, கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களிடம் காட்டி மதிப்பிடச் செய்வார்கள். அந்த மாதிரியைக் கொண்டுதான் அவ்வாண்டு குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று அரசு முடிவெடுத்தது. சிறு மாதிரியைத் தேர்ந்த கண்களிடம் காட்டி, அவர்களது தீர்ப்பிலிருந்து பெரும் பரப்பை ஊகிக்கும் முறை இது. இன்று ஆய்வுக்கூடங்களில் வேறு பெயர்களில் வழங்கும் ஒரு முறை நம் கரையில் ஓலைப்பந்தலின் கீழ் நடந்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கரையில் மருத்துவம்

முத்துக்கரைக்கு மருத்துவ வரலாறும் உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தமிழ் அச்சின் தொடக்கங்களுள் ஒன்று என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையையும் நிறுவினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அச்சுக்குப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். எழுத்தும் மருந்தும் இக்கரைக்கு ஏறக்குறைய ஒரே கையால் வந்திருக்கின்றன.

எனினும் இக்கட்டுரைக்கு வேண்டிய மனிதர் கடற்கரையில் பிறந்தவரல்லர். எட்டயபுரத்துக்கு அருகே, கரிசல் மண்ணில், அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பிறந்தார் கோவிந்தப்ப வெங்கடசாமி. அன்று அது திருநெல்வேலி மாவட்டம்; 1986இல் மாவட்டம் பிரிந்தபின் அவ்வூர் தூத்துக்குடியைச் சேர்ந்தது. எழுதப் பலகையும் தாளும் இன்றி, ஆற்றுமணலைப் பரப்பி அதில் எழுதிப் படித்த தலைமுறை அவருடையது. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மகப்பேறு மருத்துவராக விரும்பினார். 1944இல் சென்னை ஸ்டான்லியில் பட்டம் பெற்று இராணுவ மருத்துவப் பணிக்குச் சென்றவரை முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணின. மகப்பேறு மருத்துவம் கைவிட்டுப்போக, கோணிய விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவையைக் கற்றார். அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை செய்தார். 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 2006இல் மறைந்தார்.

அரவிந்தின் சாதனையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இலவச அறுவைகளின் எண்ணிக்கை. நான் முக்கியமாகக் கருதுவது வேறு. கண் மருத்துவத்தைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியதை மட்டும் மருத்துவரிடம் விட்டார் வெங்கடசாமி. அளப்பது, சொட்டுமருந்து விடுவது, படம் எடுப்பது எல்லாம் மற்றவர்கள் கைக்குப் போயின. 2004 முதல் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்கள் வந்தன. அங்கு பணியாளர் பரிசோதிப்பார். தொலைவில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசுவார். இவ்வாறு வேலை பகுக்கப்பட்டிருந்ததால்தான், அதில் ஒரு பகுதியை இயந்திரத்திடம் கொடுக்கலாமா என்ற கேள்வியே பின்னர் எழ முடிந்தது.

சித்தப்பாவின் கண்

கேள்வியின் கனத்தைச் சொல்ல என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் சித்தப்பா தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை நோய் என்றார்கள். மாத்திரை வாங்குவார், சில மாதம் வாங்கமாட்டார். பார்வை மங்கத் தொடங்கியபோது அதை அவர் நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "வெள்ளையாக் கெடக்க உப்பப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு கூசத்தான்ல செய்யும்" என்பார். அதில் நியாயம் இருந்ததால் நாங்களும் ஒப்புக்கொண்டோம். நச்சரித்து ஓரிடத்துக்கு அழைத்துப் போனபோது கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறு கண்ணாடி. பாப்பாவை விரித்து உள்ளே பார்க்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் வலக்கண்ணில் மை கொட்டியதுபோல் இருக்கிறது என்றார். உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. இடக்கண்ணில் லேசர் வைத்து ஓரளவு காப்பாற்றினார்கள். வலக்கண் திரும்பவில்லை.

நான் பட்டம் பெற்றவன், கல்லூரியில் பாடம் சொல்பவன். நீரிழிவு கண்ணையும் தாக்கும் என்று பொதுவாகத் தெரியும். அது தாக்கும்போது வலிக்காது என்று எனக்குத் தெரியாது. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முதலில் ஊசிமுனை அளவில் புடைக்கும், பிறகு கசியும், கொழுப்புப் படியும், கடைசியில் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து உடையும். மருத்துவர்கள் இதை நோயின்மை, தொடக்கம், நடுநிலை, கடுமை, பெருக்கம் என்று ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். நடுநிலையில் இருப்பவர் நன்றாகவே படிப்பார், நடப்பார், உப்பு வாருவார். வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தால்தான் உண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. அத்தனை பேருக்கும் ஆண்டுக்கொரு முறை உள்ளே பார்ப்பதற்கு விழித்திரை மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பார்க்கக் கற்ற இயந்திரம்

மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு புதிதன்று. 1970களிலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்ற நிரலை எழுதினார்கள். தொற்றுநோய்க்கு எந்த மருந்து தரலாம் என்று அது சொல்லும். நிபுணர்களிடம் கேட்டுக் கேட்டு நூற்றுக்கணக்கான விதிகளாக அவர்களுடைய அறிவைப் பதிந்துவைத்தார்கள். செவ்வுக் கணக்கைப் போன்ற அறிவு அது. சொல்ல முடிந்தது மட்டும் உள்ளே போனது. சொல்ல முடியாதது, அதாவது பார்த்தவுடன் தெரிந்துகொள்வது, வெளியே நின்றுவிட்டது.

ஆழ்கற்றல் என்று இன்று வழங்கும் முறை, தகப்பன் பக்கத்தில் அமர்ந்த மகனின் முறை. விதி எதையும் சொல்வதில்லை. படத்தைக் காட்டி, இது இரண்டாம் தரம் என்கிறார்கள். இயந்திரம் ஒரு விடை சொல்கிறது. தவறானால் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. மீண்டும் படம், மீண்டும் விடை, மீண்டும் திருத்தம்.

கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த வருண் குல்ஷன், லில்லி பெங் முதலியோர் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். 1,28,175 விழித்திரைப் படங்கள் இயந்திரத்துக்குக் காட்டப்பட்டன. அமெரிக்க மையங்களிலிருந்து வந்த படங்களோடு இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. ஆய்வாளர்களுள் அரவிந்தின் ஆர். கிம்மும் சென்னை சங்கர நேத்ராலயாவின் ராஜீவ் ராமனும் இடம்பெற்றிருந்தனர். 54 கண் மருத்துவர்கள் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் வரை பார்த்தார்கள்.

ஒரே படத்துக்கு ஏன் இத்தனை பேர்? மருத்துவர்கள் ஒத்துப்போவதில்லை என்பதே காரணம். ஒருவருக்கு நடுநிலையாகத் தெரிவது மற்றவருக்குத் தொடக்கமாகத் தெரிகிறது. அதே மருத்துவரிடம் அதே படத்தைச் சில நாள் கழித்துக் காட்டினால் அவரே வேறு தரம் சொல்வதும் உண்டு. முத்து வணிகர்களைக் கூட்டமாக உட்காரவைத்து மாதிரியை மதிப்பிடச் செய்ததற்கும் இதே காரணம்தான் இருந்திருக்க வேண்டும். தனிக் கண் எவ்வளவு தேர்ந்ததானாலும் தனிக் கண்தான். இயந்திரம் கற்றது பல கண்களின் தீர்ப்பை.

சல்லடைக்கு இங்கும் வேலை இருக்கிறது. அவ்வாய்வில் இயந்திரத்தை இரண்டு நிலைகளில் வைத்துச் சோதித்தார்கள். ஒரு நிலையில் நோயுள்ள நூறு பேரில் 97.5 பேரை அது பிடித்தது. ஆனால் நோயில்லாதவர்களில் 6.6 விழுக்காட்டினரையும் நோயாளி என்றது. மறுநிலையில் அந்தத் தவறு 1.9 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் நோயுள்ளோரில் 90.3 விழுக்காட்டினரையே பிடித்தது. சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் வேண்டாததும் தங்கும். பெரிதாக்கினால் வேண்டியதும் விழும். எந்த அளவு சரி என்பதை இயந்திரம் சொல்லாது. வீணாக ஒருவரை மதுரைக்கு அலையவிடுவதற்கும், ஒருவரைக் குருடாகவிடுவதற்கும் என்ன விலை என்று மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஒருநாள் கூலியை இழக்கும் உப்பளத் தொழிலாளிக்கு அந்த அலைச்சலும் சிறிய விலையன்று.

அமெரிக்கப் படங்களில் நன்றாகச் செய்த இயந்திரம் இங்கே செய்யுமா? அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அரவிந்தில் நோயுள்ளோரில் 88.9 விழுக்காட்டினரையும் சங்கர நேத்ராலயாவில் 92.1 விழுக்காட்டினரையும் இயந்திரம் கண்டுபிடித்தது. அங்கே தரம் பிரித்த மனிதர்களின் அளவு 73.4 முதல் 89.8 வரை இருந்தது. அவ்வாண்டே மதுரையில் அன்றாடப் பயன்பாடும் தொடங்கியது. 2023 நடுப்பகுதிக்குள் தமிழ்நாட்டின் 45 இடங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இம்முறையில் பரிசோதிக்கப்பட்டதாக 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவற்றில் ஒரு பகுதியை மருத்துவர்கள் மறுபடி பார்த்தபோது, கடுமையான நோயுள்ளவர்களில் 97 விழுக்காட்டினரை இயந்திரம் சரியாகக் கண்டிருந்தது.

கடல்கட்டி

இவ்வெண்களைப் படித்து மயங்கிவிடக் கூடாது என்பதற்குத் தாய்லாந்தில் நடந்தது ஒரு பாடம். அங்கே பதினொரு மருத்துவ நிலையங்களில் இதே இயந்திரத்தைப் பயன்படுத்தியதைப் பற்றி 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தெளிவில்லை என்று இயந்திரம் ஒதுக்கிவிட்டது. அறையை முழுக்க இருட்டாக்க வசதியில்லை. இணையம் மெதுவாக இருந்தது. ஒதுக்கப்பட்ட படத்துக்குரியவர் வேறொரு நாள் வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. இயந்திரத்தின் அறிவில் குறையில்லை. அது வந்திறங்கிய அறைக்கு ஒரு திரைச்சீலை இல்லை.

நம்பிக்கை என்பது இன்னொன்று. மன்னார் வளைகுடாவின் குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர் இருந்தார். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். கடல்கட்டி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில அதிகாரிகளுக்கு அந்த மந்திரத்தில் எள்ளளவும் நம்பிக்கை இல்லை. ஆயினும் அவர் இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதால் அவருக்குரியதைக் கொடுத்துவந்தார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரித்துக் கடந்துவிடலாம். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். ஆபத்தில் இறங்குகிறவனுக்குத் தன் பொருட்டு ஒருவர் பொறுப்பேற்று நிற்கிறார் என்ற உறுதி வேண்டும். உன் கண்ணில் நோயிருக்கிறது என்று திரையில் ஓர் எண் சொல்வதால் மட்டும் எவரும் அடுத்த பேருந்தைப் பிடித்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்விடமாட்டார்கள். என் பழைய மாணவி ஒருத்தி சிற்றூர்க் கண் மையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். படம் எடுப்பது இரண்டு நிமிடம்தான் ஐயா, போகச் சொல்லிச் சம்மதிக்க வைப்பதுதான் அரைமணி நேரம் என்றாள். அந்த அரைமணி நேரம் எந்த ஆய்விலும் எண்ணாக வருவதில்லை.

முத்து யாருடையது?

கடைசியாக, முத்துக்கரையில் பிறந்தவன் கேட்காமலிருக்க முடியாத கேள்வி. பிடித்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்குப் போனது. பாண்டியனோ போர்த்துக்கீசியரோ, 1658இல் வந்த ஒல்லாந்தரோ, பின்னர் ஆங்கிலேயரோ, ஆண்டவர் மாறினாலும் மூழ்கியவனின் பங்கு சிறிதாகவே இருந்தது. அவன் நுரையீரலில் இருந்த காற்றினால் எழுந்த மாளிகைகள் வேறு நகரங்களில் நின்றன. இன்று நம் விழித்திரைகளின் படங்கள் இயந்திரத்தைத் தேர்ச்சியாக்குகின்றன. அந்தத் தேர்ச்சி யாருடைய உடைமை?

2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து அதற்குரியவர் ஆணா பெண்ணா என்பதை இயந்திரம் பெரும்பாலும் சரியாகச் சொன்னது. எந்தக் கண் மருத்துவராலும் செய்ய முடியாத காரியம் அது. வயதையும், புகைப்பழக்கத்தையும், இதய நோய் அபாயத்தையும்கூட ஓரளவு ஊகித்தது. சர்க்கரைக்காகக் கண்ணைக் காட்டப் போனவர் தன்னையறியாமல் இத்தனையையும் காட்டிவிட்டு வருகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நோயாளியின் ஒப்புதலையும் தரவுக் காப்பையும் அவை வலியுறுத்துகின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. ஏட்டில் இருப்பது பரிசோதனை மையத்தின் மேசை வரை வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.

ஆனாலும் இந்தக் கேள்வியைக் காட்டி இயந்திரமே வேண்டாம் என்று சொல்ல என்னால் இயலவில்லை. வணிகனின் சல்லடை மூழ்கியவனுக்காகச் செய்யப்பட்டதன்று. இந்தச் சல்லடை, சரியாகக் கையாளப்பட்டால், பார்க்கப்படுகிறவனுக்கே பயன்படும். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்களில் சிப்பி இல்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி, வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். தலைமுறைகளாகத் தரம் பிரித்த கண்களுக்கு அதற்குள் வேலை போயிருந்தது. அவர்கள் அறிந்ததை எவரும் பதிந்துவைக்கவில்லை. பதிந்துவைக்க அன்று வழியுமில்லை. விழித்திரை மருத்துவர்களின் கண்ணுக்கு அந்த நிலை வரவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

சித்தப்பா இன்றும் இருக்கிறார். இடக்கண்ணால் நாளிதழின் தலைப்புகளைப் படிப்பார். சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது இந்த இயந்திரத்தைப் பற்றி விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இது அப்பவே இருந்திருந்தா அளத்துக்கே வந்து பாத்திருப்பாங்களோ?" என்றார். அளத்துக்கு வந்திருப்பார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கருவி வந்துவிட்டது. உப்புப் பாத்திக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைத்தான் நாம் இனிப் பார்க்க வேண்டும்.